பொறியாளர் வேலைத்தகுதி: லிட்டரேச்சர் ரிவியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி பிள்ளைச்சாவடியில் படித்தாலும் சிதம்பரத்தில் படித்தாலும், பொறியாளர்களின் வேலைத்தகுதி பற்றி லிட்டரேச்சர் ரிவியூ (இதற்குமுன் வந்த ஆய்வுகளை அலசும் பகுதி) எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது இந்த வரிதான்: "இந்தியப் பொறியாளர்களில் 80 சதவீதம் பேர் வேலைக்குத் தகுதியற்றவர்கள்." சான்றாக ஒரு நாளிதழ் செய்தி. தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது.

அந்த 80, ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்தது. திறன் தேர்வு நடத்துவதே அந்த நிறுவனத்தின் தொழில்; கணக்கும் அதன் தேர்வு மதிப்பெண்களை வைத்துத்தான். 2005-இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் சொன்ன 25 சதவீதமோ, பன்னாட்டு நிறுவன வேலைக்கு எத்தனை பேர் பொருந்துவார்கள் என்று மனிதவள மேலாளர்களிடம் கேட்டுப் பெற்ற கருத்து. இரண்டையும் அளந்த விதமே வேறு; "அப்போது நூற்றுக்கு 25 பேர் தேறினார்கள், இப்போது 20 பேர்தான், தரம் விழுந்துவிட்டது" என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள்.

இவற்றைத் தொடவே கூடாது என்பதில்லை. எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உலக வங்கிக்காக புளோமும் சயேகியும் 2011-இல் எழுதிய ஆய்வுத்தாள் இணையத்தில் இலவசம். புதிய பொறியாளர்களின் தரம் ஓரளவே திருப்தி, அல்லது அதற்கும் கீழே என்று 64 சதவீத நிறுவனங்கள் அதில் சொல்லின. யாரிடம் கேட்டார்கள், எந்தத் திறனில் குறை என்பதும் அதிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது தேடும் சொல். 'எம்ப்ளாயபிலிட்டி' ஒன்றையே கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) போட்டுவிட்டு, "இந்தியாவில் ஆய்வே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 'கிராஜுவேட் ஆட்ரிபியூட்ஸ்', 'ஒர்க் ரெடினஸ்', 'ஸ்கில் கேப்' என்றும் போட்டுப் பாருங்கள். நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை'யைத் தட்டுங்கள்; பிறகு வந்த ஆய்வுகள் வரிசையாக வரும்.

கல்லூரியின் பிளேஸ்மென்ட் எண்ணிக்கையை வேலைத்தகுதிக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். ஐடி கம்பெனிகள் ஆளெடுப்பைக் குறைக்கும் ஆண்டில் மாணவரின் திறன் குறைந்துவிடுவதில்லையே! இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் கிடைக்கும் ஆய்வேட்டின் ரிவியூ பகுதியை அப்படியே எடுப்பதும் வேண்டாம். அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்து மூலக் கட்டுரைக்குப் போங்கள். இரண்டாம் கை மேற்கோளில் ஆண்டே மாறிப்போயிருக்கும். பணம் கட்டினால் இரண்டு நாளில் பிரசுரிக்கும் இதழ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பணம் கட்டினால்தான் முழுக் கட்டுரை என்னும் கட்டணத் திரையைக் கண்டதும் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டுவதும் நடக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் 2025 ஜனவரியில் தொடங்கிய, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் பற்றி நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால், ஸ்காலரில் 'ஆல் வெர்ஷன்ஸ்' திறந்து இலவசப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பலரும் அனுப்பிவைப்பார்கள்.