சிம்பை துணையோடு அபூர்வப் பகா எண்களைத் தேடலாம் வாங்க

பகா எண் என்றால் என்னவென்று பள்ளியிலேயே படித்துவிட்டோம்: 1-ஐவிடப் பெரியது, 1-ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுவது. அந்தக் கூட்டத்துக்குள் தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. இரட்டைப் பகா எண்கள், மெர்சென் பகா எண்கள், திருப்பிப் போட்டாலும் மாறாத பகா எண்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் பெரிய நிரல் எழுத வேண்டுமோ என்று மிரள வேண்டாம். ‘இது பகா எண்ணா?’ என்ற கேள்வியை சிம்பை என்ற பைத்தான் கணித லைப்ரரி பார்த்துக்கொள்ளும். குடும்ப அடையாளத்தை மட்டும் நாம் ஒரு வரியில் சொன்னால் போதும்.

படி 1: நிறுவுதல்

பைத்தான் 3 இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

பிப் இன்ஸ்டால் சிம்பை

கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள்தான். ஆனால் மாறியின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். ‘எண்’ என்று வைத்தால் பைத்தான் 3 மறுப்பில்லாமல் ஏற்கும். கீழே அப்படியே வைத்திருக்கிறேன்.

படி 2: இரண்டு கருவிகள்

ஃப்ரம் சிம்பை இம்போர்ட் இஸ்பிரைம், பிரைம்ரேஞ்ச்

இஸ்பிரைம்(97) கேட்டால் ‘ட்ரூ’ வரும். இஸ்பிரைம்(91) கேட்டால் ‘ஃபால்ஸ்’. பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருந்து ஏமாற்றும் 91, உண்மையில் 7 × 13.

பிரைம்ரேஞ்ச்(1, 100) அந்த எல்லைக்குள் இருக்கும் 25 பகா எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மேல் எல்லை கணக்கில் சேராது. 13 வரை வேண்டுமானால் 14 என்று கொடுங்கள். இன்னொன்று, அதை ஒரு மாறியில் வைத்து ஒருமுறை சுற்றிவிட்டால் தீர்ந்துபோகும், மறுமுறை கேட்டால் வெறுங்கைதான். திரும்பத் திரும்பத் தேவையென்றால் ‘லிஸ்ட்’ போட்டுப் பட்டியலாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரட்டைப் பகா எண்கள்

இரண்டு பகா எண்களுக்கு இடையே வித்தியாசம் 2 என்றால் அவை இரட்டை.

[எண் ஃபார் எண் இன் பிரைம்ரேஞ்ச்(1, 100) இஃப் இஸ்பிரைம்(எண் + 2)]

விடை: 3, 5, 11, 17, 29, 41, 59, 71. ஒவ்வொரு ஜோடியிலும் சிறியது மட்டும் பட்டியலில் வருகிறது, ஆகவே 100-க்குள் 8 ஜோடிகள். இவை முடிவில்லாமல் தொடருமா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகளுக்கு முடிவில்லை என்று யிடாங் ஜாங் 2013-இல் நிரூபித்தார். அந்த 7 கோடி பிறகு 246 வரை இறங்கியது. 2-க்கு இன்னும் வரவில்லை.

அதே வரியில் ‘எண் + 2’ இருந்த இடத்தில் ‘2 * எண் + 1’ என்று மாற்றிப் பாருங்கள். சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் கிடைத்துவிடும்: 2, 3, 5, 11, 23, 29, 41, 53, 83, 89. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆராய்ந்தபோது இவற்றைக் கையாண்ட பிரெஞ்சுக் கணிதவியலாளரின் பெயர் அது.

படி 4: மெர்சென் பகா எண்கள்

2-இன் ஏதோவொரு அடுக்கிலிருந்து 1 குறைத்தால் வரும் பகா எண்கள் இவை. அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். அப்படி இருந்தும் சில சமயம் காலை வாரும்: அடுக்கு 11 என்றால் 2047 வருகிறது, அது 23 × 89.

[எண் ஃபார் எண் இன் பிரைம்ரேஞ்ச்(1, 130) இஃப் இஸ்பிரைம்(2**எண் - 1)]

அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம். முதல் தடவை கால்குலேட்டர் பழக்கத்தில் ^ குறி போட்டு அரை நாளைத் தொலைத்தவன் நான். பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. பட்டியலில் 2 மட்டும் தனியாக நின்றது. பைத்தானில் ^ என்பது பிட்டுகளை ஒப்பிடும் ‘எக்ஸார்’. போதாததற்கு, கழித்தலை முடித்த பிறகுதான் எக்ஸாருக்கு வரும். 2^5-1 என்று எழுதினால் 31 வராது, 6 வரும்.

சரியாக எழுதினால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127 என்று 12 அடுக்குகள் கிடைக்கும். 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67-ஐத் தவறாகச் சேர்த்திருந்தார். 61, 89, 107 விடுபட்டிருந்தன. மனிதர் கையால் கணக்குப் போட்ட காலம், மன்னித்துவிடலாம்.

எல்லையை 1300 ஆக்கினால் 521, 607, 1279 சேரும். கடைசி அடுக்கு தரும் எண்ணுக்கு 386 இலக்கங்கள்! இவ்வளவு பெரிய எண்ணில் இஸ்பிரைம் சொல்வதை நம்பலாமா? 2-இன் 64-ஆம் அடுக்குக்குக் கீழே அதன் பதில் உறுதியானது. அதற்கு மேல், தவறவே தவறாது என்று நிரூபிக்கப்படாத பெய்லி-பிஎஸ்டபிள்யூ சோதனையை நம்பியிருக்கிறது. அதை ஏமாற்றிய எண் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 2024-இல் அறிவிக்கப்பட்ட மெர்சென் எண்ணின் அடுக்கு 13,62,79,841, இலக்கங்கள் 4 கோடிக்கும் மேல். அந்த வேட்டைக்கு சிம்பை தாங்காது.

படி 5: விகடகவி எண்கள்

‘விகடகவி’ போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாதவை: 131, 727, 919.

[எண் ஃபார் எண் இன் பிரைம்ரேஞ்ச்(1, 1000) இஃப் எஸ்டிஆர்(எண்) == எஸ்டிஆர்(எண்)[::-1]]

20 எண்கள் வரும். எல்லையை 10000 ஆக்குங்கள். அப்போதும் 20-தான்! நிரலில் பிழை இல்லை. ‘அஆஆஅ’ வடிவத்து நான்கு இலக்க எண் எதுவானாலும் 1001 × அ + 110 × ஆ. இரண்டுமே 11-இன் மடங்குகள். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள விகடகவி எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான், 11 மட்டும் விதிவிலக்கு.

ஐந்து இலக்கத்துக்குப் போகும்போது தேடலைத் தலைகீழாக்குவது நல்லது. 1,00,000-க்குள் 9,592 பகா எண்கள் உள்ளன, ஐந்து இலக்க விகடகவி எண்களோ 900-தான். சின்னக் கூட்டத்தை முதலில் உருவாக்கிவிட்டுப் பகாத்தன்மையைப் பிறகு சோதிப்போம்:

முழுசு = [இன்ட்(எஸ்டிஆர்(எண்) + எஸ்டிஆர்(எண்)[-2::-1]) ஃபார் எண் இன் ரேஞ்ச்(100, 1000)]

லென்([எண் ஃபார் எண் இன் முழுசு இஃப் இஸ்பிரைம்(எண்)])

123 என்ற பாதி 12321 ஆகிறது. விடை 93. ரேஞ்ச்(1000, 10000) கொடுத்தால் ஏழு இலக்கத்துக்குத் தாவலாம்; 668 வர வேண்டும்.

கை பழக ஒன்று: 13-ஐத் திருப்பினால் 31, அதுவும் பகா எண். இப்படித் திருப்பினால் வேறொரு பகா எண்ணாகும் எண்களை 100-க்குள் தேடுங்கள். 11-ஐயும் ஓரிலக்க எண்களையும் தவிர்க்கும் நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். சரியாக எழுதியிருந்தால் 8 எண்கள் வரும், கடைசி எண் 97.