பக்கவாதத்துக்குப் பிறகு மறுபடி ஊருக்குள்: வாசல்படி முதல் பந்தி வரை

"கை முழுசா வரட்டும், அப்புறம் நாலு பேர் முன்னால போகலாம்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் ஆளை உள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டாம். கை பாதி வந்தவரும் டீக்கடைக்குப் போகலாம், பந்தியில் உட்காரலாம். துணைக்கு ஒருவரோடு வீட்டுக்குள் நடக்கவும் நாற்காலியில் உட்கார்ந்து எழவும் முடிகிறது, ரத்த அழுத்தம் மருந்தில் கட்டுக்குள் நிற்கிறது, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் தொடங்கலாம்.

வாசலில் ஆரம்பியுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதென்றால் படி உயரம் ஒரு அங்குலத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. இடமில்லை என்று சின்னப் பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும். சிமெண்டை வழவழப்பாகப் பூசாமல் சொரசொரப்பாக விடுங்கள்.

ஊன்றுகோல் நல்ல கையில்தான் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். முதலில் கோல், பிறகு பலமில்லாத கால், பிறகு நல்ல கால். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஹவாய் செருப்பு ஆகாது; பாதம் தொங்குகிறவருக்கு அது கழன்று தடுக்கும். பின்னால் வார் உள்ள செருப்பு போடுங்கள்.

முதல் சில நாள் வெயில் ஏறுமுன் தெருமுனை வரை போதும். திரும்பி வரவும் தெம்பு மிஞ்ச வேண்டும் என்பதால், அவரால் நடக்க முடிந்த தூரத்தில் பாதியிலேயே உட்கார ஒரு இடம் பார்த்து வையுங்கள். இந்த நோய்க்குப் பின் வரும் அசதி சோம்பல் இல்லை. மூளை பாதிக்கப்பட்டதால் வருவது.

பேருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அவசரத்தில் நடத்துநரோ சொந்தக்காரரோ பலமில்லாத கையைப் பிடித்து மேலே இழுப்பார்கள். அந்தத் தோள் மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும். ஒரே இழுப்பில் மூட்டு இறங்கிவிடலாம், வலி மாதக்கணக்கில் போகாமல் இருக்கலாம். கையைத் தொடாமல் இடுப்பில் பிடியுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், துணையாள் பின்னால். இறங்கும்போது பலமில்லாத கால் முதலில், துணையாள் கீழே முன்னால். இறங்கும்போது கம்பி பலமில்லாத கைப்பக்கம் அமைந்தால், திரும்பி நின்று நல்ல கையால் அதைப் பிடித்துப் பின்புறமாக இறங்கலாம். இதை வீட்டுப் படியில் பழகிவிட்டுப் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பயணம் இலவசம். அதற்கு அடையாள அட்டை வேண்டும்; 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கல்யாணம், காரியம் என்று போனால் முதலில் கழிப்பறை எங்கே, எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் முதுகு நிமிர்ந்து உட்காரும்படியான, கைப்பிடியுள்ள நாற்காலி வேண்டும். சாப்பிடும்போது இருமலோ, தண்ணீர் குடித்தபின் குரல் கொழகொழப்போ இருந்தால் விழுங்குவதில் கோளாறு இருக்கிறது. மருத்துவரிடம் காட்டாமல் விருந்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு நம் ராகிக் களி ஆபத்து: மெல்லாமல் உருட்டி விழுங்குவது நம் பழக்கம், அவருக்கு அது தொண்டையில் அடைக்கும். ரசம் சோறும் அப்படித்தான்; நீர் முன்னால் ஓடி மூச்சுக்குழாய்க்குப் போகும், பருக்கை வாயிலேயே நிற்கும். குழையப் பிசைந்த பருப்புச் சோறு பொதுவாக எளிது. சின்ன வாயாக, பேசாமல் சாப்பிடட்டும். பலமில்லாத பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், பார்த்து எடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

பேச்சு வராதவரைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: புத்தி தெளிவாக இருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை, காதும் நன்றாகக் கேட்கிறது, கத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும். "காபியா, டீயா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். அவர் சொல்ல வந்ததை நாமே முடிப்பது அவரை ஊமையாக்குவது. காரணமில்லாமல் அழுதால் நோயின் வேலையாகவும் இருக்கலாம். பேச்சை மாற்றினால் அடங்கும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், ஆசை எல்லாம் விட்டுப்போனால் அது மனச்சோர்வு, அதற்கு மருந்துண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

மாரியம்மன் பண்டிகையை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். எருது விடும் இடத்துக்கும் ஒகேனக்கல் ஈரப் பாறைக்கும் போக வேண்டாம். மருத்துவர் பார்வையையும் கை வேகத்தையும் சோதித்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

பயிற்சியை இடையில் விடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். விரதம், பத்தியம், நாட்டு மருந்து எதற்காகவும் ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வெளியே போகும்போது சட்டைப்பையில் பெயர், மாத்திரைப் பட்டியல், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் பார்க்கும்வரை வாய்வழி தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.