கட்டிலை எண்ணுவதற்கு முன்: தொற்றுக் காலத்தில் ஆர்க்கிடெக்ட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை வைத்தார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு சில விநாடிகள் அதற்குள் நடந்தால் உடம்பு முழுக்க மருந்து தெளிக்கும். செய்தியில் படம் நன்றாக வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், ஊர் ஊராக அதேபோல் முளைத்தன. அந்த மாதம் முடிவதற்குள் மாநிலச் சுகாதாரத் துறையும் மத்திய சுகாதார அமைச்சகமும் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் வைரஸை, சட்டை மேல் தெளிக்கும் குளோரின் தண்ணீர் ஒன்றும் செய்யாது. கண்ணும் தோலும் எரிவதுதான் மிச்சம்.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொள்ளைநோய் வந்தவுடன் கட்டடத் துறைக்காரர்களுக்கு வரும் முதல் ஆசை, எதையாவது புதிதாகச் செய்து காட்ட வேண்டும் என்பது. கன்டெய்னர் மருத்துவமனை, மடக்குக் கூடாரம், முப்பரிமாணப் படம் என்று அந்த ஆண்டு வாட்ஸ்அப் நிறைய ஓடியது. உண்மையில் அப்போது தேவைப்பட்டவர், இருக்கிற கட்டடத்துக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு "இது ஆகும், அது ஆகாது" என்று துணிந்து சொல்லக்கூடிய ஆள். சென்னை கிண்டியில் முதியோருக்காகக் கட்டிய மருத்துவமனைதான் 2020 ஜூலையில் கோவிட் மருத்துவமனையாகத் திறந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கட்டில் போட்டார்கள். கல்லூரி விடுதி, பள்ளி, கல்யாண மண்டபம் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் ஆர்க்கிடெக்ட்டின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான்.

"எத்தனை கட்டில் போடலாம் சார்?"

அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி இது. அளவு டேப்பை எடுத்து, தரைப்பரப்பைக் கட்டிலின் அளவால் வகுத்து, உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

லண்டனில் எக்ஸெல் கண்காட்சி மையத்தை 9 நாட்களில் மருத்துவமனையாக மாற்றி 2020 ஏப்ரல் 3 அன்று திறந்தார்கள். 4,000 கட்டில் வரை போகலாம் என்று திட்டம். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 60 பேருக்கும் குறைவு. மற்ற மருத்துவமனைகள் தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பெரிதாக்கிச் சமாளித்தது ஒரு காரணம். இன்னொன்று, வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்த செவிலியர்கள் அத்தனை பேர் எங்கும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் வுஹானில் விளையாட்டு அரங்குகளையும் கண்காட்சிக் கூடங்களையும் 16 தற்காலிக மையங்களாக மாற்றினார்கள். அவை நிறைந்தன, உதவின. ஏனென்றால் அங்கே அனுமதித்தது லேசான அல்லது மிதமான நோய் உள்ளவர்களை மட்டும். தனிமைப்படுத்து, சாப்பாடு கொடு, கவனித்துக்கொண்டே இரு, மூச்சுத் திணறினால் பெரிய மருத்துவமனைக்கு மாற்று. அவ்வளவுதான் அந்த மையங்களின் வேலை. இரண்டு ஊரிலும் கட்டடம் ஒரே வகைதான், அதில் யாரைப் படுக்க வைப்பது என்ற முடிவுதான் வேறு.

ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். யாருக்கான மையம், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை செவிலியர், எத்தனை கழிப்பறை, எவ்வளவு காற்று? இவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணிக்கையைத் தரும். அதில் எது சிறியதோ அதுதான் கட்டில் கணக்கு.

காற்று எங்கே போகிறது

ஸ்ப்ளிட் ஏசி இருக்கும் மண்டபத்தை "வசதியானது" என்று தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னலே இல்லாத ஓர் உணவகத் தளத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட 3 குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று வந்தது. ஏசி அந்த மூன்று மேசைகளுக்கு நடுவே ஒரே காற்றைச் சுற்றவிட்டிருக்கிறது. பிறகு ஆராய்ந்தபோது, சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் விசிறிகள் ஓடாமல் அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

சீலிங் ஃபேனும் அப்படித்தான். புழுக்கத்தைக் குறைக்கும், காற்றைக் கலக்கும், ஆனால் மாற்றாது.

எவ்வளவு காற்று வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாதாரண வார்டில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். தொண்டையில் குழாய் விடுவது போன்ற, நுண்துளிகள் கிளம்பும் சிகிச்சை நடக்கும் இடத்தில் 160 லிட்டர். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்தில் ஒரு மண்டபம் என்று வையுங்கள். உள்ளே 800 கன மீட்டர் காற்று. 25 கட்டில் போட்டால் விநாடிக்கு 1,500 லிட்டர், அதாவது மணிக்கு 5,400 கன மீட்டர் வேண்டும். மண்டபத்தின் மொத்தக் காற்றும் மணிக்குச் சுமார் 7 முறை மாற வேண்டும் என்று அர்த்தம். எக்ஸாஸ்ட் விசிறி எவ்வளவு தள்ளும் என்பது அதன் விவரப் பட்டியலிலேயே இருக்கும். வலை, தூசி, இறக்கை மூடி எல்லாம் சேர்ந்து அதைக் குறைக்கும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

போடும் இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வயர் கிட்ட இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் விசிறியைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிடுவார். கதவு வழியாக வந்த காற்று இரண்டடி நடந்து விசிறி வழியாக வெளியே போய்விடும். எதிர் மூலையில் படுத்திருப்பவருக்குக் காலையில் இருந்த அதே காற்றுதான் ராத்திரியும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். ஆக்சிஜன், நோயாளிகள் எதுவும் வருவதற்கு முன்னால், காலி மண்டபத்தில், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் சரி. நேராக மேலே போய் அங்கேயே தங்கினால் அந்த இடத்தில் கட்டில் வேண்டாம். செவிலியர் மேசை காற்று உள்ளே வரும் பக்கமும், நோயாளிகள் அது வெளியேறும் பக்கமும் இருக்கட்டும். காற்று வெளியேறும் அந்த வாய் பக்கத்து வீட்டு ஜன்னலையோ பரிசோதனை வரிசையையோ பார்த்தபடி இருக்கக் கூடாது.

நாம் பழகிப்போன ஒரு வரைபடமும் இதில் இடிக்கும். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறை. அந்த மூடிய நடையில் காற்று தேங்கும். தென்னாப்பிரிக்காவில் டுகேலா ஃபெரி என்ற ஊரின் மருத்துவமனையில் 2005-06-இல் மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அவர்களில் 52 பேர் இறந்தார்கள். பலருக்கு அது மருத்துவமனைக்குள்ளேயே தொற்றியிருக்கும் என்ற அதிர்ச்சிதான் ருவாண்டாவில் புட்டாரோ மருத்துவமனையை வரைந்தவர்களை யோசிக்கவைத்தது. 2011-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் காத்திருக்கும் இடமும் நடையும் வெளிப்புறத்தில், திறந்த காற்றில். வார்டுக்கு நடுவில் ஒரு குட்டைச் சுவர். கட்டிலின் தலைமாடு அதை ஒட்டி, முகம் ஜன்னலைப் பார்த்து. உயரத்தில் பெரிய விசிறியும், கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கும்.

நமக்கு இது புதிதும் இல்லை. தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, திறந்தவெளிக் காற்றே மருந்து என்று நம்பிய காலத்தைச் சேர்ந்தது. அந்தச் சானட்டோரியத்தின் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. சென்னையில் படித்த எத்தனை மாணவர்கள் அந்த நிலையத்தில் இறங்கி உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குளியலறைத் தரையில் ஒரு சின்ன வளைவு

2003, கோவிட் போலவே மூச்சைத் தாக்கும் சார்ஸ் நோய் பரவிய காலம். ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 33 மாடிக் கட்டடங்கள். ஒரு விருந்தாளி வயிற்றுப்போக்குடன் வந்து ஒரு வீட்டின் கழிப்பறையைப் பயன்படுத்தினார். சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய். அதிகம் பாதிக்கப்பட்டது அவர் தங்கிய அதே பிளாக். மேல் வீடு, கீழ் வீடு என்று குழாய் போன வழியே நோயும் போயிருந்தது.

அதிகாரிகளின் விசாரணை போய் நின்றது தரை வடிகாலில். நம் பிளம்பர்கள் நானி ட்ராப் என்பார்களே, வடிகாலுக்கு அடியில் இருக்கும் அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. அங்கே மக்கள் தரையைக் கழுவிவிடாமல் துணியால் துடைத்துப் பழகியிருந்தார்கள். ட்ராப் காய்ந்துவிட்டது. அந்த நிலையில் குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால், அது கழிவுக் குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சி அறைக்குள் கொண்டுவரும்.

இப்போது ஒரு கல்லூரி விடுதியை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ட்ராப் எல்லாம் வறண்டிருக்கும். திறந்ததும் வெள்ளையடிக்கவும் பெயர்ப் பலகை மாட்டவும் ஆள் அனுப்புகிறோம், ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற ஆள் அனுப்புவதில்லை. மேலே சொன்ன எக்ஸாஸ்ட் விசிறியை மாட்டும் நாளில் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பயன்படாத வடிகாலை மூடிவிடுவது இன்னும் நல்லது. சோப்புத் தண்ணீர் போகாத கழிப்பறை, சிறுவர் உயரத்துக்கு வைத்த பள்ளிக்கூடத்துப் பீங்கான், ராத்திரியில் மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டிய பெண்கள் கழிப்பறை, இவை இருந்தால் கட்டில் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது கட்டடத்தையே விடுங்கள்.

யார் எந்த வழியில்

எபோலா மையங்களிலிருந்து இதைக் கற்கலாம். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அமைத்தவற்றில் ஊழியர்கள் ஒரே திசையில்தான் நகர்வார்கள். சந்தேக நோயாளி பகுதியிலிருந்து உறுதியான நோயாளி பகுதிக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. கவச உடை போடும் இடத்தைவிட, கழற்றும் இடம் பெரிதாக இருக்கும். ஆபத்து கழற்றும்போதுதான். நம் கோவிட் மையங்கள் பலவற்றில் கழற்றும் இடம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளியாகத்தான் இருந்தது. அந்த எபோலா மையங்களில் வேலிக்கு இந்தப் பக்கம் குடும்பமும் அந்தப் பக்கம் நோயாளியும் எட்ட நின்று பேசிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். உள்ளே போனவருக்கு என்ன ஆகிறதென்று வெளியே தெரியாவிட்டால் ஊர் அந்த மையத்தை நம்பாது. வதந்தி வரும், நோயாளியை வீட்டிலேயே ஒளித்து வைப்பார்கள். அதனால் உறவினர் நிற்க நிழலான ஓர் இடத்தை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். குப்பையும் சடலமும் போகும் வழி, சாப்பாடு வரும் வழியாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மின்சாரம், ஆக்சிஜன், தீ

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி ஒன்று சுமார் 350 வாட் எடுக்கும். 25 ஓடினால் கிட்டத்தட்ட 9 கிலோவாட். விளக்கும் விசிறியும் மட்டும் எரிந்துகொண்டிருந்த பள்ளிக் கட்டடத்தின் வயரிங் அதைத் தாங்குமா என்று பார்க்காமல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகுவது நெருப்பை அழைப்பதற்குச் சமம். போதாததற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு போன் சார்ஜர். கட்டிலுக்கு இரண்டு பிளக் பாயின்டாவது கணக்கில் எடுங்கள்.

ஆக்சிஜன் கூடிய காற்றில் எதுவும் சீக்கிரம் பற்றும். அதில் ஃப்ளெக்ஸ், தெர்மாகோல், திரைத்துணி கொண்டு தடுப்புக் கட்டுவது எப்படிப்பட்ட தவறு என்று விளக்கத் தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 9 அதிகாலை விஜயவாடாவில், கோவிட் மையமாக மாற்றியிருந்த ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். ஹோட்டலில் தங்கும் விருந்தினர் எழுந்து ஓடுவார், மூச்சுக்குத் திணறும் நோயாளி ஓட மாட்டார். கட்டடத்தின் பயன்பாடு மாறினால் வெளியேறும் வழிகளின் கணக்கும் மாறியாக வேண்டும். அனுமதிக் கடிதம் அவசரத்தில் கிடைத்துவிடும். பூட்டிய பின்படிக்கட்டுக்குச் சாவி யாரிடம் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முடிந்த பிறகு

2003-இல் பெய்ஜிங்கில் சார்ஸுக்காக ஒரு வாரத்தில் கட்டிய சியாவோதாங்ஷான் மருத்துவமனையின் வரைபடங்கள், 2020 ஜனவரியில் வுஹானுக்குப் போயின. அங்கே ஹுவோஷென்ஷான் மருத்துவமனை 10 நாட்களில் எழுந்ததற்கு ஆள் பலமும் பணமும் காரணம்தான், ஆனால் காகிதம் தயாராக இருந்ததும் ஒரு காரணம். இங்கே மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, விசிறி எங்கே மாட்டினோம், எந்த வடிகாலை அடைத்தோம், எந்தச் சுவிட்ச் போர்டிலிருந்து லைன் இழுத்தோம் என்பதெல்லாம் மேஸ்திரியின் ஞாபகத்தோடு போய்விடுகிறது.

அதைத் தாளில் போடுங்கள். அழகான வரைபடமாக இருக்க வேண்டியதில்லை. தரைப்படம், காற்று போன திசை, வடிகால், மின் இணைப்பு, எத்தனை கட்டில் உண்மையில் ஓடியது, எது சரிப்படவில்லை என்று கையெழுத்தில் நாலு வரி. கட்டட உரிமையாளரிடம் ஒரு பிரதி, தாசில்தார் அலுவலகத்தில் ஒன்று, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒன்று.