காலர் மைக், இரண்டு போன், ஒரு கைதட்டல்: குறும்படத்துக்கு வசனம் பதிவு செய்வது எப்படி?

குறும்படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றி, அடுத்து லென்ஸைப் பற்றி. ஒலியைப் பற்றிய கேள்வி எடிட்டிங்குக்கு உட்கார்ந்த பிறகுதான் வரும்: "ப்ரோ, இந்த ஃபேன் சத்தத்தை எடுத்துவிட முடியுமா?" முழுசாக எடுக்க முடியாது. கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு எளிய காட்சியை வைத்துப் பார்ப்போம். வீட்டு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். படம் ஒரு போனில். வசனம் காலர் மைக் வழியாக இன்னொரு போனிலோ ரெக்கார்டரிலோ. இரண்டையும் கணினியில் சேர்க்க வேண்டும். மென்பொருள்: எடிட் செய்ய டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, வீடியோ ஃபைலை மாற்ற ஹேண்ட்பிரேக், ஃபைலின் விவரம் பார்க்க மீடியாஇன்ஃபோ, ஒலியைச் சரிசெய்ய ஆடாசிட்டி. நான்குக்கும் காசு இல்லை. நிறுவுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை, யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது.

"டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமே" என்று ஒரு குரல் எப்போதும் வரும். தமிழ் சினிமாவில் படப்பிடிப்பில் பைலட் ட்ராக் (பின்னால் பார்த்துப் பேசுவதற்கான மாதிரி ஒலி) எடுத்துவிட்டு ஸ்டுடியோவில் பேசிச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம்தான். ஆனால் அங்கே அதற்கென்று பழகிய கலைஞர்கள், அறை, இன்ஜினியர் எல்லாம் உண்டு. முதல்முறை நடிக்கும் உங்கள் நண்பர், ஒரு மாதம் கழித்து அதே கோபத்தை உதட்டசைவுக்குப் பொருத்திப் பேச மாட்டார். ஸ்பாட்டிலேயே நன்றாக எடுப்பதுதான் நமக்குச் சுலபம்.

1. அறையைத் தயார் செய்யுங்கள்

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை 'ணங்' என்று நீண்டால் அந்த அறை எதிரொலிக்கிறது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல், இவைதான் காரணம். கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் போர்வை, ஜமுக்காளம், மெத்தை என்று கிடைத்ததைத் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். ஆன்லைனில் விற்கும் மெல்லிய ஃபோம் ஷீட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மேல்ஸ்தாயி ஓசையை மட்டும் உறிஞ்சும், குரலின் அடிப்பகுதி அப்படியே முழங்கும். கனமான பருத்திப் போர்வை அதைவிட மேல்.

ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், அணைத்தது ஞாபகம் வரும். ஃபேன் இல்லாமல் நடிகர்கள் வியர்த்துப்போவார்கள். ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் இடையில் போட்டுக்கொண்டு, டேக்கின்போது மட்டும் அணைத்தால் போதும். பக்கத்து வீட்டு மோட்டார், குக்கர் விசில், காலை நேரக் காக்கைகள் எல்லாம் நம் கையில் இல்லை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை தெரு ஓரளவு அடங்கியிருக்கும்.

2. மைக்கை எங்கே வைப்பது

விலை உயர்ந்த மைக் தூரத்தில் இருப்பதைவிட மலிவான மைக் பக்கத்தில் இருப்பது நல்லது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். கேமராமேல் மாட்டிய மைக் பெரும்பாலும் ஏமாற்றுவது இதனால்தான். சின்ன அறைக்குள் ஷாட்கன் மைக்கும் (ஒரே திசையை நோக்கிக் கேட்கும் நீளமான மைக்) வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை அதைக் குழப்பிவிடும். காலர் மைக்தான் என் தேர்வு. நான் போயா பிஒய்-எம்1 வைத்திருக்கிறேன். 6 மீட்டர் கேபிள், உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி, கேமரா/ஸ்மார்ட்போன் என்று ஒரு சுவிட்ச். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்செலும்புக்கு நேராகக் குத்துங்கள். பருத்திச் சட்டை என்றால் பிரச்சினை இல்லை. பட்டுப்புடவையும் பாலியெஸ்டரும் அசையும்போதெல்லாம் சரசரக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து, மைக்குக்கு முன்னும் பின்னும் ஒன்று வைத்து, துணி அதன்மேல் உரசாமல் ஒட்டிக்கொள்ளச் செய்யுங்கள். கேபிளை மைக்குக்குக் கீழே ஒரு சின்ன வளையமாகச் சுற்றி டேப் போட்டால், இழுவை மைக்கை எட்டாது. தாலிச் சங்கிலி மைக்கில் தட்டுகிறதா என்று நடிகையைக் குனிந்து நிமிரச் சொல்லிப் பாருங்கள். ஹெட்ஃபோனில் 'டிக்' என்று கேட்கும்.

*பின்சேர்க்கை:* "மைக் செருகியும் போனின் மைக்கிலேயே பதிவாகிறது" என்று பலர் எழுதியிருந்தார்கள். மைக் கேபிளின் முனையில் இருக்கும் பின்னைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் கேமராவுக்கானது, மூன்று இருந்தால் போனுக்கானது. ஹெட்ஃபோன் துளை இல்லாத போன் என்றால் டைப்-சி அடாப்டர் வேண்டும். மலிவான சில அடாப்டர்கள் பாட்டு கேட்க மட்டும்தான், மைக்கை எடுக்காது. வாங்கும்போதே கடையில் செருகிப் பேசிப் பார்த்துவிடுங்கள்.

3. பதிவு அமைப்பு

48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல், வசதி இருந்தால் 24 பிட். 44.1 என்பது சிடிக்கான கணக்கு, வீடியோவுக்கு 48தான். ஆண்ட்ராய்டில் ஈஸி வாய்ஸ் ரெக்கார்டர் செயலியில் வேவ் ஃபைலாகப் பதியலாம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

ஒத்திகையில் நடிகர் கத்தும் வசனத்தைப் பேசச் சொல்லி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், அதைத் திரும்பத் தைக்க முடியாது. ஆட்டோ கெயின் (ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் நடிகர் மௌனமாகும் ஒவ்வொரு முறையும் அறையின் இரைச்சல் மெல்ல மேலெழும்பி வரும்.

4. கைதட்டல், முன்னும் பின்னும்

இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன்னால் வந்து, காட்சி எண்ணும் டேக் எண்ணும் சொல்லி, ஒரே ஒரு முறை கைதட்டுங்கள். கைகள் ஃப்ரேமுக்குள் தெரிய வேண்டும். டேக் முடிந்ததும் அணைப்பதற்கு முன் இன்னொரு கைதட்டல். இந்த இரண்டாவது கைதட்டலை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதன் அருமை ஆறாவது படியில் தெரியும்.

கேமரா போனின் சொந்த ஒலியை அணைத்துவிடாதீர்கள். அது மோசமாக இருந்தாலும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

5. ரூம் டோன்

வசனம் எல்லாம் முடிந்ததும், யாரும் அசையாமல் அரை நிமிடம் அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். மைக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வசனத்துக்கு இடையில் வெட்டிய ஓட்டைகளை அடைக்க இதுதான் பஞ்சு. வெறும் சைலன்ஸ் விட்டால் ஹெட்ஃபோனில் அந்த இடம் சட்டென்று இறந்துபோகும்.

6. சிங்க் (படத்தோடு ஒலியைப் பொருத்துவது): கழுத்தை அறுக்கும் கட்டம்

ரிசால்வில் வேலை தொடங்குமுன் ப்ராஜெக்ட் ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) சரியாக வைத்துவிடுங்கள். டைம்லைன் போட்ட பிறகு மாற்ற விடாது. மீடியா பூலில் (ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் இடம்) வீடியோவையும் ஆடியோவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், 'ஆட்டோ சிங்க் ஆடியோ', அதில் வேவ்ஃபார்ம். பெரும்பாலும் வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால்: கைகள் சேரும் ஃப்ரேமையும் ஆடியோவில் தெரியும் கூரான முனையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்.

இப்போது டேக்கின் கடைசிக்குப் போய் இரண்டாவது கைதட்டலைப் பாருங்கள். அதுவும் பொருந்தினால் அடுத்த படிக்குப் போகலாம். முதல் தட்டல் பொருந்தி, கடைசித் தட்டல் நழுவியிருந்தால் ஆடியோவை இழுத்து இழுத்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, கடிகார வித்தியாசம். இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கடிகாரம் உள்ளே ஓடுகிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் நழுவும், நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் அது நாலரை ஃப்ரேம். ஆனால் மூன்று நிமிட டேக்கில் அது வெறும் 9 மில்லிசெகண்ட்தான், கண்ணுக்கே தெரியாது. ஆகவே சின்ன டேக்கிலேயே உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போனால் கடிகாரத்தைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம்தான் உண்மையான வில்லன். நிறைய போன்கள் நொடிக்குச் சீராக 30 ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால், 30 என்பது 28 ஆகும், திரும்ப 30 ஆகும். போனிலேயே ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கும். எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃப்ரேமும் சம இடைவெளி என்று நினைத்துக்கொண்டு அடுக்கும்போதுதான் குளறுபடி. நழுவல் சீராக வளராமல், நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று குதித்தால் இதுவேதான்.

சோதிப்பது சுலபம். வீடியோவை மீடியாஇன்ஃபோவில் திறந்து 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருந்தால் ரிசால்வுக்குக் கொடுக்காதீர்கள். ஹேண்ட்பிரேக்கில் போட்டு, வீடியோ டேபில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 18 அளவில் வைத்து மாற்றுங்கள். அங்கே 'சேம் ஆஸ் சோர்ஸ்' என்றே விட்டுவிட வேண்டாம். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். மாற்றிய ஃபைலில் இரண்டு கைதட்டலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேர்காணல் போல நீளமான பதிவில் கடிகார நழுவல் மட்டும் மிச்சமிருந்தால், பேச்சு நிற்கும் இடங்களில் ஆடியோவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் நகர்த்துங்கள். ஸ்பீடை மாற்றுவதைவிட இது சுத்தம். ரிசால்வில் ஒலி வேலைக்கென்று இருக்கும் ஃபேர்லைட் பக்கத்தில் ஃப்ரேமுக்கும் குறைவான அளவில் நகர்த்தலாம். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒலியைப் பின்னால் தள்ளுங்கள். குரல் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே உறுத்தத் தொடங்கும், பிந்தினால் 125 வரை பெரும்பாலும் தெரியாது. தூரத்தில் வெடிக்கும் பட்டாசின் ஓசை பிந்தி வருவதைக் கேட்டுப் பழகிய காதுகள்தானே.

7. வெட்டுதல்

இரண்டு பேருக்கும் தனித்தனி மைக் என்றால், பேசாதவரின் ட்ராக்கை அந்த நேரத்தில் குறைத்துவிடுங்கள். ஒரே குரல் இரண்டு மைக்கில் சிறு கால வித்தியாசத்தோடு விழுந்தால் சேரும்போது குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேய, அடுத்தது எழுவது) போடுங்கள், அடியில் ரூம் டோனை ஓடவிடுங்கள். படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். அடுத்தவரின் முதல் வார்த்தையைக் கொஞ்சம் முன்பே கேட்கவிட்டு, பிறகு முகத்தைக் காட்டினால் உரையாடல் உயிரோடு இருக்கும்.

8. இரைச்சல் நீக்கம்

முதலில் ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள அடி ஓசையை வெட்டுவது: ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100. வண்டிகளின் உறுமல், மேசையில் பட்ட அதிர்வு இதிலேயே போய்விடும். நம் ஊர்க் கரண்டின் ஹம் 50 ஹெர்ட்ஸில் இருக்கும், ஆனால் 100, 150 என்று மடங்குகளிலும் வரும், அதற்கு அந்தந்த அலைவரிசையை மட்டும் குறுகலாக வெட்ட வேண்டும்.

அப்புறம் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன். ரூம் டோனைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்', பிறகு வசனம் முழுவதையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் குறையுங்கள். போதவில்லையா, 9 வரை போகலாம். அதற்கு மேல் தள்ளினால் 'ஸ' 'ஷ' எல்லாம் தேய்ந்து, குரல் ரோபோ ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருப்பது தப்பில்லை. ஒரே சொடுக்கில் சுத்தம் செய்யும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. அவசரத்துக்குச் சரி, ஆனால் விசும்பலையும் பெருமூச்சையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடுவதால் நடிப்புக்கு நான் நம்புவதில்லை.

9. ஏற்றுமதி

யூடியூபுக்கு என்றால் ஃபேர்லைட்டின் லவுட்னஸ் மீட்டரில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (மொத்த ஒலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். அதற்கு மேல் சத்தமாக ஏற்றினால் யூடியூபே குறைத்துவிடும். குறைவாக ஏற்றினால் கூட்டித் தராது. ஏற்றுவதற்கு முன் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள், பார்ப்பவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் கேட்பார்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* "நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன், கைதட்டல் பொருந்துகிறது, ஆனாலும் பேச்சு பிந்துகிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எடிட்டிங்கில் புளூடூத் இயர்போன் போட்டிருந்தாராம். புளூடூத் ஒலி சுலபமாக 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதைக் கேட்டு ஆடியோவை முன்னால் இழுத்தால் மற்றவர்களுக்குக் குரல் முந்திக்கொண்டு வரும். சிங்க் பார்க்கும்போது வயர் உள்ள ஹெட்ஃபோனே போடுங்கள்.