மலைக்கதையில் விறகு சுமப்பது யார்? சூழலியல் பெண்ணிய வாசிப்புக்கு ஒரு வழிமுறை

நிலத்தின் மீதான ஆதிக்கத்தையும் பெண்கள் மீதான ஆதிக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது சூழலியல் பெண்ணியம். அப்படி வாசித்துப் பழக, நீலகிரியில் நடக்கும் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) தோதானது. நீலகிரியின் உழவர் சமூகமான படகரின் வாழ்க்கையில் தேயிலையும் பணமும் புகுவதைச் சொல்வது. முழு நூலையும் அலச வேண்டாம், பத்துப் பக்கம் போதும்.

வர்ணனையை ஒதுக்கிவிட்டு வினைச்சொற்களைப் பொறுக்குங்கள். நிலம், காடு, நீர் மீது நடப்பவற்றுக்கு ஒரு நிறப் பென்சில். பெண்கள் மீது நடப்பவற்றுக்கு இன்னொன்று. இரு நிறமும் ஒரே சொல்லில் விழுகிற இடம்தான் முக்கியம். நிலத்தையும் ‘வளைத்துப் போடுவார்கள்’, பெண்ணையும் ‘வளைத்துப் போடுவார்கள்’. ‘மலடு’ என்ற வசை இரண்டுக்கும் பொது. சூழலியல் பெண்ணியம் என்ற சொல்லை 1974இல் பிரெஞ்சுப் பெண்ணியர் பிரான்சுவாஸ் தோபோன் முன்வைத்தபோது தொட்டது இந்த இரட்டை ஆதிக்கத்தைத்தான்.

அடுத்து ஒரு கட்டம் போடுங்கள். விறகு, தண்ணீர், களை, கொழுந்து, பால் என்று ஐந்து வரிசை. செய்வது யார், காசு யார் கைக்குப் போகிறது, பட்டா யார் பெயரில் என்று மூன்று நெடுவரிசை. கதை சொல்லாததை ஊகித்து நிரப்பாதீர்கள். எது காலியாக நிற்கிறது என்பதும் ஒரு விடை.

பலரும் சறுக்குவது ‘மலை தாய், பெண்ணும் தாய்’ என்ற சூத்திரத்தில். நீலகிரியே அதை உடைக்கும். அங்குள்ள பழங்குடியான தோடர் மரபில் எருமை கறப்பதும், கோயிலாகவும் விளங்கும் பால்மனையில் நடக்கும் சடங்கும் ஆண்களுடையவை. பெண்கள் அதற்கு வெளியே. இயற்கையோடு நெருக்கம் பிறப்பால் வருவதல்ல, வேலைப் பங்கீட்டாலும் உடைமையாலும் வருவது என்று பொருளியலாளர் பீனா அகர்வால் 1992இல் வாதிட்டதை இங்கே வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சறுக்கல், பச்சையெல்லாம் காடு என்று நம்புவது. இம்மலையின் பழைய முகம் சோலையும் புல்வெளியும். சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் கொண்டுவந்து நட்டவை. அந்தத் தோப்பைக் கதைசொல்லி ‘கன்னிக்காடு’ என்றால் தாவரமும் தவறு, உவமையும் சந்தேகத்துக்குரியது.

சங்கக் குறிஞ்சிப் பாடலுக்கும் இதே கட்டம் பொருந்தும். பரணில் நின்று கிளி ஓட்டும் தலைவியைக் காதல் காட்சியின் பின்னணியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். தினைப்புனம் காப்பது பகல் முழுக்க வெயிலில் நிற்கும் வேலை. காட்டை எரித்துப் புனமாக்கியது யார், விளைந்த தினை யார் வீட்டுக்குப் போனது என்று கேளுங்கள்.

கட்டம் நிரம்பியதும் அரைப் பக்கம் எழுதுங்கள். எல்லா வரிசையும் உங்கள் முன்முடிவோடு ஒத்துப்போனால், வேறு பத்துப் பக்கத்தை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.