தாளிப்பு வடகம்: இடித்து, உருட்டி, பத்து வெயில் காயவைத்து

கடையில் பொட்டலமாக வருகிற தாளிப்பு வடகத்தைக் கையில் உதிர்த்துப் பாருங்கள். பலவற்றில் கடுகும் உளுந்தும்தான் உதிரும், வெங்காயம் பேருக்குத்தான் இருக்கும். வீட்டில் போடுகிற வடகம் அப்படியில்லை. ஒரு கிலோ வெங்காயத்தின் சாறு முழுக்க அந்த உருண்டைகளுக்குள் இறங்கியிருக்கும், வாசம் அதிலிருந்துதான் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாயி போட்ட முறையைத்தான் எழுதுகிறேன். வேலை கஷ்டமில்லை, ஆனால் பத்துப் பதினைந்து நாள் மாடிக்கு ஏறி இறங்க வேண்டும்.

முதலில் காலம். மாசிக் கடைசியிலிருந்து வைகாசிக்குள் போட்டுவிடுங்கள். நல்ல சுள்ளென்ற வெயில் தொடர்ந்து ஒரு வாரமாவது அடிக்க வேண்டும், நடுவில் மழை வந்தால் பாதி காய்ந்த உருண்டை பூசணம் பிடித்துவிடும்.

அளவு இதுதான்: சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 200 கிராம், தோலோடு உடைத்த கருப்பு உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கல் உப்பு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம், கடைசியில் தடவ 50 மில்லி விளக்கெண்ணெய். பெரிய வெங்காயம் வேண்டவே வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம், காரம் குறைவு, காய்ந்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வெங்காயத்தைத் தோல் உரித்து உரலில் போட்டு இடியுங்கள். இந்த இடத்தில்தான் நிறைய பேருக்குத் தவறிப்போகிறது, எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் ஆனது. உரலை எடுக்கச் சோம்பல்பட்டு மிக்ஸியில் போட்டேன், ஒரு சுற்று கூடிவிட்டது, எல்லாம் விழுதாகிவிட்டது. விழுதில் உருண்டை நிற்காது, மேலே ஓடு மாதிரி காய்ந்து உள்ளே ஈரம் தங்கி மூன்றாம் நாள் கெட்ட வாடை வந்து, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. வெங்காயம் ஒன்றிரண்டாக நசுங்கினால் போதும், துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உரல் இல்லாவிட்டால் கத்தியால் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள், நேரம் ஆகும் அவ்வளவுதான். பூண்டை உரிக்க வேண்டாம், மேலே இருக்கிற தாளை மட்டும் ஊதிவிட்டு தோலோடு தட்டிப் போடுங்கள்.

உளுந்தைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தவிர எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி ஒரு ராத்திரி வையுங்கள். அலுமினியத்தில் வைக்காதீர்கள், உப்பும் சாறும் அதை அரிக்கும். காலையில் திறந்தால் உப்பு இழுத்து வெங்காயம் தண்ணீர் விட்டு நிற்கும்.

இந்தச் சாறுதான் வடகத்தின் உயிர். ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது. கலவையைப் பிழிந்து எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தாம்பாளத்தில் அடுக்கி வெயிலில் வையுங்கள், சாறு இருக்கிற பாத்திரத்தையும் மேலே மெல்லிய துணி கட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்துத் திரும்ப அந்தச் சாற்றிலேயே போட்டுப் பிசைந்து மூடிவிட வேண்டும். மறுநாள் காலை மறுபடி பிழிந்து, உருட்டி, வெயில். மூன்று நாலு நாளில் சாறு முழுக்க உள்ளே போய்விடும். இரண்டாம் நாளே லேசாகப் புளித்த வாசம் வரும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். பூசணம் வெள்ளையாகப் படர்ந்தால்தான் பிரச்சினை, அந்த உருண்டையை எடுத்துத் தூரப் போட்டுவிடுங்கள்.

சாறு வற்றியபின் தினமும் உதிர்க்க வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை உதிர்த்து இறுக்கி உருட்டினால் உள்ளிருக்கிற ஈரம் வெளியே வந்துவிடும். ராத்திரி வெளியில் விடாதீர்கள், பனி இறங்கும். நிறம் மெல்ல மெல்ல மாறி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்போது கடைசி உருட்டல். உள்ளங்கையில் விளக்கெண்ணெயைத் தாராளமாக எடுத்துக்கொண்டு உதிர்த்த கலவை முழுக்கப் படும்படி பிசைந்து, இறுக்கிப் பிடித்து, இன்னும் மூன்று நாலு வெயில் காட்டுங்கள். பூச்சி வராமல் காப்பது இந்த எண்ணெய்தான். சமையலுக்கான விளக்கெண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள், விளக்கேற்ற விற்கிற தீப எண்ணெய் வேறு, அதைச் சாப்பாட்டில் சேர்க்கவே கூடாது.

காய்ந்ததை ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தால் ஒரு வருஷம் தாராளமாக வரும், நாளாக ஆக வாசம் கூடும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை வெயில் காட்டிவிடுங்கள்.

வெயில் இல்லாத ஊரில் இருப்பவர்கள் கலவையைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஓவனில் குறைந்த சூட்டில் அடிக்கடி கிளறிக் காயவைக்கலாம். பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் போன நம் வடகத்தை 'வடுவான்' என்ற பேரில் இப்போது இப்படித்தான் பல பேர் செய்கிறார்கள், விளக்கெண்ணெய் இல்லாமல். சுவை இருக்கும். வெயிலில் நாள்கணக்கில் புளித்துக் காய்ந்த வாசம் மட்டும் அதில் வராது.

தாளிக்கும்போது நல்லெண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, நெல்லிக்காய் அளவு வடகத்தை உதிர்த்துப் போடுங்கள். தனியாகக் கடுகு, வெந்தயம் எதுவும் வேண்டாம். வெங்காயம் சட்டென்று கருகிவிடும், அதனால் உளுந்து சிவந்த உடனே இறக்கிவிட வேண்டும். வத்தக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் இது தெரிந்த சங்கதிதான், எனக்கு இதைவிடப் பிடித்தது கீரை மசியல் மேல் கொட்டுவது. தாளித்த கரண்டியை அப்படியே கழுவப் போட்டுவிடாதீர்கள், கொஞ்சம் மசியலை அதில் மொண்டு அலசித் திரும்பச் சட்டியில் ஊற்றுங்கள்.