மலைச்சாலையில் சைக்கிள்: பாதை போடுவது எப்படி?

சமவெளியில் நூறு கிலோமீட்டர் அசராமல் ஓட்டுகிறவர், மலையில் முப்பது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பெரும்பாலும் கால் வலுவில் குறை இருக்காது. தூரத்தை மட்டும் பார்த்துப் பாதை போட்டிருப்பார். மலையில் ஒரு நாள் சவாரிக்கு அளவுகோல், மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், தூரம் அப்புறம்.

கியர் மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பிரெஞ்சு ஆல்ப்ஸின் கலிபியே கணவாய். உயரம் 2,642 மீட்டர். 1911-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாக ஏறிய சாலை. பாதை போடும்போது வரும் சிக்கல்கள் பலவும் இந்த ஒரு சாலையிலேயே இருப்பதால் பாடம் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

1. ஏற்றத்தைத் துண்டு போடுங்கள்

மொரியன் பள்ளத்தாக்கில் சான் மிஷேல் என்ற ஊரிலிருந்து கிளம்பினால் உச்சிக்கு ஏறத்தாழ 35 கி.மீ. சராசரிச் சாய்வு 5.5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். நூறு மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர் ஏற வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த எண்ணை அப்படியே நம்பிக் கிளம்பக் கூடாது.

முதல் 12 கி.மீ., டெலிகிராஃப் கணவாய் வரை, சாய்வு 7 சதவீதம். அங்கிருந்து வால்வார் ஊருக்குச் சுமார் 5 கி.மீ. இறக்கம், கஷ்டப்பட்டு ஏறியதில் 160 மீட்டருக்கு மேல் கையைவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகு 18 கி.மீ. மறுபடியும் 7 சதவீதம், அதிலும் கடைசி 8 கி.மீ. எட்டைத் தாண்டும். நடுவில் வந்த அந்த இறக்கம்தான் சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது. மொத்த ஏற்றம் 2,100 மீட்டருக்கு நெருக்கம்.

ஆகவே எந்த மலையானாலும் இறக்கம் வருகிற இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகத் தூரம், ஏற்றம், சாய்வு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மிகக் கடினமான துண்டு எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். களைத்த பிறகு வரும் எட்டு சதவீதமும் காலையில் வரும் எட்டு சதவீதமும் ஒன்றல்ல.

2. உயரக் கோட்டைச் சரிபாருங்கள்

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாதை வரையும் செயலியில் சாலைமீது கோடு இழுத்தால் கீழே உயர வரைபடம் வரும். அந்த உயரத்தை யாரும் சாலையில் நின்று அளந்ததில்லை. பல செயலிகளும் நிலப்பரப்பின் உயரத் தரவை எடுத்து அதன்மேல் சாலைக் கோட்டை ஒட்டவைக்கின்றன. இதில் அதிகம் பயன்படுவது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த தரவு. அது நிலத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் வைத்திருக்கிறது. சமவெளிக்கு இது தாராளம். செங்குத்தான மலைச்சரிவைக் குடைந்து போகும் சாலைக்குப் போதாது. கோடு பத்து மீட்டர் விலகினாலே பக்கத்துப் பாறையின் உயரத்தையோ கீழே உள்ள பள்ளத்தின் உயரத்தையோ சாலையின் உயரமாகக் காட்டிவிடும்.

விளைவு இரண்டு விதம். ஒன்று, ஆறு சதவீதச் சாலையில் திடீரென்று 22 சதவீதம் என்று ஒரு முள் எழும்பி நிற்கும். இன்னொன்று, சுரங்கப்பாதை. சாலை மலைக்குள் சமமாகப் போகும், வரைபடம் மலையின் தலைக்குமேல் ஏறி இறங்கும். மொத்த ஏற்றத்தில் இல்லாத நூற்றுக்கணக்கான மீட்டர்கள் சேர்ந்துவிடும்.

சரிபார்க்க எளிய வழி: முள் இருக்கும் இடத்துக்கு இருபுறமும் ஐநூறு மீட்டர் தள்ளி இரண்டு புள்ளிகளின் உயரத்தை எடுங்கள். வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 70 மீட்டர் வித்தியாசம், 1,000 மீட்டர் தூரம் என்றால் 7 சதவீதம், முள் பொய். பக்கத்திலேயே கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக இருந்தால், செயற்கைக்கோள் படத்தில் கோடு சாலைமீதே உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுரங்கம் இருந்தால் அதற்குள் சைக்கிளை விடுவார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விடாத சுரங்கங்கள் நிறைய.

செயலி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கணினியின் பெரிய திரையில் ரைட் வித் ஜிபிஎஸ்ஸில் வரைவேன். ஏதாவது ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு மட்டும் ஏற்றமும் சாய்வும் காட்டும், துண்டு போடும் வேலைக்குக் கச்சிதம். சாலையைச் சைக்கிள்காரர்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப், அதாவது பலர் ஓட்டிய சாலைகளைப் பளிச்சென்று காட்டும் வரைபடம். கோமூட் அழகாக இருக்கிறது, ஆனால் குறுக்குவழி என்று சில சமயம் மண்பாதையில் இறக்கிவிடும். மெல்லிய டயரோடு அங்கே போக வேண்டாம்.

3. கியரும் நேரமும்

புதிதாக மலையேறுகிறவர் மணிக்கு 500 முதல் 600 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கலிபியேவின் 2,100 மீட்டருக்கு நிற்காமலே மூன்றரை முதல் நான்கேகால் மணி நேரம்.

இப்போது கியர். மணிக்கு 600 மீட்டர் வீதம் எட்டு சதவீதத்தில் ஏறினால் வேகம் 7.5 கி.மீ. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் இந்த வேகத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கலாம். பின்னால் மிகப் பெரியதே 28 பல் என்றால் அதே வேகத்துக்கு 49 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் உடம்பையே தூக்குவது போலிருக்கும், அதையும் மணிக்கணக்கில். கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை, மாற்றுங்கள். லேசான சக்கரம், கார்பன் ஹேண்டில்பார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெரிய பல்சக்கரம் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். மாற்றும்முன் உங்கள் பின் டிரேலியர் (பின்னால் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) அத்தனை பல்லைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. அதே மூச்சுக்கு வேகம் குறையும். தொடக்கத்திலேயே கொஞ்சம் மிச்சம் பிடித்து ஓட்ட வேண்டும்.

4. நாளும் திசையும்

ஆல்ப்ஸின் உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக் கிடக்கும். செயலி அந்தச் சாலை வழியாகவும் சந்தோஷமாகக் கோடு போடும். சாலை திறந்திருக்கிறதா என்பதை உள்ளூர்ச் சாலைத் துறையின் அறிவிப்பில் பாருங்கள்.

கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், உச்சியை நண்பகலுக்குள் கடந்துவிடுவது நல்லது. முதல் தடவை வட்டப் பாதை வேண்டாம். போன வழியே திரும்புங்கள்; முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பலாம், பெரும்பாலும் கீழ்நோக்கியே ஓடும். வட்டமாகப் போவதென்றால் குறுகலான, செங்குத்தான பக்கத்தில் ஏறி, அகலமான பக்கத்தில் இறங்குங்கள்.

5. இறக்கம்

ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குளிரும். கீழே 25 டிகிரி என்றால் கலிபியே உச்சியில் 12 அல்லது 13, அதற்குமேல் வியர்வையில் நனைந்த சட்டை, எதிர்க்காற்று. காற்றுத் தடுக்கும் சட்டையும் முழுக் கையுறையும் கட்டாயம்; விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் பிரேக்) என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் இரண்டு முக்கியமானவை.

திரும்பும்போது எல்லாம் இறக்கம்தானே? கலிபியேவில் இல்லை. வால்வாரிலிருந்து டெலிகிராஃபுக்கு அந்த 160 சொச்சம் மீட்டரைத் திரும்ப ஏற வேண்டும். அதற்குத் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் மிச்சம் வைத்திருங்கள்.

கருவி காட்டிய ஏற்றமும் செயலி சொன்ன ஏற்றமும் ஏன் ஒத்துப்போவதில்லை? பல சைக்கிள் கருவிகள் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. வானிலை மாறினால் அழுத்தம் மாறும், நீங்கள் நின்ற இடத்திலேயே உயரம் மாறியதாகக் காட்டும். கிளம்பும் இடத்தின் சரியான உயரத்தைக் கருவியில் பதிந்துவிட்டுத் தொடங்குங்கள். வழியில், பிரெஞ்சு ஆல்ப்ஸின் பெயர்பெற்ற ஏற்றங்களில், கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டு உயரத்தையும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சாய்வையும் எழுதியிருப்பார்கள். கருவியும் பலகையும் முரண்பட்டால் பலகையை நம்புங்கள்.